மீனாட்சிபுரம் 1981: பேப்பர் சொன்னதும் சொல்லாததும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு மெயில் வந்தது. எழுதினவர் கல்லூரி மாணவர். கேள்வி இதுதான்: "நீங்க உங்களை கன்சர்வேட்டிவ்னு சொல்லிக்கிறீங்க. மீடியா எப்பவும் ஒரு பக்கமாச் சாயுதுன்னு வாரா வாரம் சொல்றீங்க. உங்களுக்குப் பிடிச்ச பக்கம் சாய்ஞ்ச கதை ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

நியாயமான கேள்வி. ரெண்டு நாள் பதில் எழுதாம வச்சிருந்தேன். அதுக்கப்புறம்தான் உறைச்சது, அந்தக் கதை என் வீட்டுலயே இருக்குன்னு. அதனால இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் சொந்தக் கதையில ஆரம்பிக்கும். பொறுத்துக்கோங்க.

எனக்குச் சொந்த ஊர் ராயகிரி. சென்னையில இந்தப் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. சங்கரன்கோவில் பக்கம்னு சொல்லுவேன். அதுவும் தெரியலைன்னா குற்றாலம் போற வழின்னு சொல்லிடுவேன். மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்துலயே தெரியும். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர்னு ரோடு அப்படியே தெற்கே தென்காசிக்குப் போகும். 2019 நவம்பர் வரைக்கும் நாங்க திருநெல்வேலி மாவட்டம். இப்போ தென்காசி மாவட்டம்.

சின்ன வயசுல லீவுக்கு ஊருக்குப் போனா தாத்தா என்னை டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போவார். பேப்பரை ஒருத்தர் சத்தமாப் படிப்பார், மத்தவங்க கேட்பாங்க. மதமாற்றம்ங்கிற வார்த்தை எந்தச் செய்தியில வந்தாலும் தாத்தா ஒரே வரிதான் சொல்லுவார்: "மீனாட்சிபுரத்துல நடந்தது தெரியாதா? எல்லாம் அரபு நாட்டுத் துட்டு."

நானும் அதை நம்பித்தான் வளர்ந்தேன். ஃபேஸ்புக்ல அதே வரியை எழுதியும் இருக்கேன். அந்தப் போஸ்ட் இன்னும் இருக்கு, அழிக்கலை.

*என்ன நடந்தது?*

1981 பிப்ரவரி 19. மீனாட்சிபுரம். தென்காசி வட்டாரத்துல, மலையடிவாரத்துல இருக்கிற ஒரு சின்ன கிராமம். அன்னைக்கு அந்த ஊர்ல சுமார் 180 பட்டியல் சாதிக் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறினாங்க. பெரும்பாலும் பள்ளர் சமூகம். 2021-ல நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டத்துக்கு அப்புறம் அரசுப் பட்டியல்ல தேவேந்திரகுல வேளாளர்னு சொல்றோமே, அவங்கதான். சடங்கை நடத்தினது திருநெல்வேலியில இருந்த தென்னிந்திய இஷாஅத்துல் இஸ்லாம் சபை. ஊருக்கு ரஹ்மத் நகர்னு இன்னொரு பேரும் வந்தது.

அப்போ முதல்வர் எம்.ஜி.ஆர். பிரதமர் இந்திரா காந்தி. பாரதிய ஜனதா கட்சிக்கு ஒரு வயசுகூட முடியலை, 1980 ஏப்ரல்லதான் ஆரம்பிச்சிருந்தாங்க. முதல்ல சில வாரம் பெருசா சத்தம் இல்லை. பிறகு விஷயம் டெல்லி வரைக்கும் போச்சு. நாடாளுமன்றத்துல பேசினாங்க. வாஜ்பாய் இந்த ஊருக்கு வந்தார். ஆர்ய சமாஜத்துக்காரங்க வந்தாங்க. 1981 அக்டோபர்ல டெல்லியில கரண் சிங் தலைமையில பெரிய இந்து மாநாடு ஒண்ணு நடந்தது. 1983-ல விசுவ இந்து பரிஷத் நாடு முழுக்க நடத்தின ஏகாத்மதா யாத்திரைக்கும் மீனாட்சிபுரம் ஒரு முக்கியமான தூண்டுதல்னு வரலாற்றாசிரியர்கள் எழுதுறாங்க. இன்னைக்கு நாம பார்க்கிற தேசிய அரசியலோட வேர் ஒண்ணு எங்க ஊர்ல இருந்து ரெண்டு மணி நேர பஸ் தூரத்துல இருக்கு. இது நான் படிச்ச எந்தப் பாடப் புத்தகத்துலயும் இல்லை.

*பெட்ரோ டாலர்*

அப்போ பல பத்திரிகைகள் இதை எப்படி எழுதின? ரெண்டு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது: 'பெட்ரோ டாலர்', 'சர்வதேசச் சதி'. தலைக்கு இவ்வளவு ரூபாய் கொடுத்தாங்கன்னு செய்தி. இளைஞர்களை வளைகுடாவுக்கு அனுப்புறதா ஆசை காட்டினாங்கன்னு செய்தி.

இந்தச் செய்தி நம்புற மாதிரி இருந்ததுக்கும் காரணம் உண்டு. 1973-ல எண்ணெய் விலை ஏறினதுக்கு அப்புறம் வளைகுடாவுல வேலை பெருகிச்சு. தமிழ்நாட்டுல இருந்தும் கேரளாவுல இருந்தும் ஆயிரக்கணக்கானவங்க போனாங்க. ஊர்ப்பக்கம் அந்தப் பணம் கண்ணுக்குத் தெரிஞ்சது. காரை வீடு, டேப் ரெக்கார்டர், ஃபாரின் சென்ட். சபைக்காரங்க பிரச்சாரம் பண்ணினதும் உண்மைதான். மதத்தைப் பரப்புறதுக்குன்னே இருந்த அமைப்பு அது, அவங்க அதை மறைக்கவும் இல்லை. அதனால யாரும் யாரையும் அணுகவே இல்லைன்னு நான் சொல்ல வரலை.

ஆனா காசுக்காக மாறினாங்கன்னு ஒரு செய்தி வந்தா, முதல்ல ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கணும் இல்லையா? மாறினவங்க எதை விட்டுட்டுப் போனாங்க?

1950-ம் வருஷத்து குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதி அந்தஸ்து ஆரம்பத்துல இந்துக்களுக்கு மட்டும்தான். 1956-ல சீக்கியர்களையும், 1990-ல பௌத்தர்களையும் சேர்த்தாங்க. இஸ்லாத்துக்கோ கிறிஸ்தவத்துக்கோ போனா அந்த அந்தஸ்து போயிடும். படிப்பு, வேலை ரெண்டுலயும் எஸ்.சி. ஒதுக்கீடு கிடையாது. அரசியல்லயும் அப்படித்தான். எங்க சட்டமன்றத் தொகுதி வாசுதேவநல்லூர், தனித் தொகுதி. பக்கத்துல சங்கரன்கோவில், தனித் தொகுதி. எம்.பி. தொகுதி தென்காசி, அதுவும் தனித் தொகுதி. மதம் மாறின ஒருத்தர் இந்த மூணு இடத்துலயும் வேட்பாளராக் கூட நிக்க முடியாது.

மீனாட்சிபுரத்துல மாறினவங்கள்ல படிச்சவங்க இருந்தாங்க, அரசு வேலையில இருந்தவங்க இருந்தாங்க, கொஞ்சம் நிலம் வச்சிருந்தவங்களும் இருந்தாங்க. பின்னாடி அங்க போய் ஆய்வு பண்ணினவங்க இதைப் பதிவு பண்ணியிருக்காங்க. ஒதுக்கீட்டோட மதிப்பு தெரிஞ்ச குடும்பங்கள், கையில வாங்கின நோட்டுக்காக மட்டும் அதைத் தூக்கிப் போட்டுட்டுப் போனாங்கன்னு நம்பணும்னா, பெரிய ஆதாரம் வேணும். அந்த ஆதாரத்தை அந்தச் செய்திகள் தரலை.

*ஊர்க்காரங்க சொன்ன காரணம்*

அந்த ஊருக்கே போய் ஜனங்களைக் கேட்ட நிருபர்களும் ஆய்வாளர்களும் இருந்தாங்க. அவங்ககிட்ட ஊர்க்காரங்க சொன்னதை அப்போவும் சில பத்திரிகைகள் அச்சடிச்சாங்க. டீக்கடையில தனி டம்ளர். பஸ்ல சீட் இருந்தும் உட்கார விடாதது. செருப்பு, துண்டு, வேட்டி கட்டுற விதம் வரைக்கும் கட்டுப்பாடு. வாத்தியாரா இருந்தாலும் பேர் சொல்லி, 'டா' போட்டுக் கூப்பிடுறது. அந்த வட்டாரத்துல நிலமும் செல்வாக்கும் தேவர் சமூகத்துகிட்ட இருந்தது, மோதலும் ரெண்டு தரப்புக்கும் நடுவுலதான். இதுக்கு மேல ஒரு கொலை வழக்கு. அதையொட்டி போலீஸ் கெடுபிடி. தெருவுல இருந்த ஆம்பளைங்களை எல்லாம் சந்தேகக் கேசுல தூக்கிட்டுப் போனாங்கங்கிறது அவங்க சொன்ன முக்கியமான புகார்.

அவங்க சொன்னதைச் சுருக்கினா இவ்வளவுதான்: நான் படிச்சு, வேலைக்குப் போய், காசு சம்பாதிச்சும் மரியாதை கிடைக்கலை. பேரை மாத்தினா 'பாய்'னு கூப்பிடுவாங்க.

இது 1981-ல திடீர்னு முளைச்ச விஷயமும் இல்லை. சங்கரன்கோவில்ல இருந்து கிழக்கே போனா கழுகுமலை. 1890-கள்ல அங்க தேரோடும் வீதியில ஊர்வலம் போற உரிமை நாடார்களுக்கு மறுக்கப்பட்டது. அவங்கள்ல ஒரு பகுதி கத்தோலிக்கத்துக்கு மாறினாங்க. 1895-ல அது பெரிய கலவரத்துல முடிஞ்சது. அப்போ பெட்ரோலும் இல்லை, டாலரும் இல்லை. தெருவுல நடக்கிற உரிமைதான் பிரச்சினை. 1956 அக்டோபர் 14 அன்னைக்கு நாக்பூர்ல அம்பேத்கர் லட்சக்கணக்கானவங்களோட பௌத்தத்துக்குப் போனதுக்குப் பின்னாடியும் இதே கேள்விதான் இருந்தது.

*ஒரு கன்சர்வேட்டிவ் செய்திருக்க வேண்டியது*

இந்த இடத்துல என் பக்கத்து ஆட்களோட எனக்கு ஒரு சண்டை இருக்கு.

கன்சர்வேட்டிவ்னா எதையும் மாத்தாதவன்னு அர்த்தம் இல்லை. வீட்டைக் காப்பாத்தணும்னு நினைக்கிறவன்தான் ஓட்டு ஒழுகுதான்னு முதல்ல பார்ப்பான். இதுக்கு நம்ம வரலாற்றுலயே ரெண்டு உதாரணம் இருக்கு.

முதலாவது, திருவிதாங்கூர். 1936 நவம்பர் 12. மகாராஜா சித்திரைத் திருநாள் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். அரசுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. அது சும்மா வந்த மனமாற்றம் இல்லை. வைக்கம், குருவாயூர்னு வருஷக்கணக்கா போராட்டம் நடந்திருந்தது. அதோட ஈழவர் சமூகத் தலைவர்கள் இந்து மதத்தை விட்டே போகலாமான்னு வெளிப்படையாப் பேச ஆரம்பிச்சிருந்தாங்க. மதமாற்றம் வந்துடுமோங்கிற பயம் அரண்மனை வரைக்கும் போச்சு. அந்தப் பயத்துல அவங்க கதவைத் திறந்தாங்க. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், அதாவது அந்தப் பிரகடனம் மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்து வட்டாரத்துலயே அமலுக்கு வந்தது.

ரெண்டாவது, ராஜாஜி. 1959-ல சுதந்திரா கட்சி ஆரம்பிச்சவர், சுதந்திர இந்தியாவோட பெரிய கன்சர்வேட்டிவ் குரல்னு அவரைச் சொல்றோம். 1939 ஜூலை 8 அன்னைக்கு வைத்தியநாத அய்யர், கக்கன் உள்ளிட்ட சிலரை மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போனார். சனாதனிகள் வழக்குப் போடுவாங்கன்னு தெரிஞ்சதும், மாகாணப் பிரதமரா இருந்த ராஜாஜி உடனடியா அவசரச் சட்டம் கொண்டுவந்து கோயில் அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தார். பிறகு அதையே சட்டமாக்கினார். ராமாயணமும் மகாபாரதமும் எழுதின மனுஷர் அவர். பாரம்பரியம் அவருக்கு வெறும் பேச்சு கிடையாது.

1981-ல என் பக்கத்துக்காரங்களுக்கு இந்த ரெண்டு பாதையும் தெரியும். சில பேர் அதைச் சொல்லவும் சொன்னாங்க. தீண்டாமைதான் காரணம், அதை ஒழிக்கணும்னு கரண் சிங் மாதிரி ஆட்கள் பேசினாங்க. ஊருக்குள்ள போய்ச் சேர்ந்து சாப்பிட்டவங்களும் உண்டு. பிறகு சில குடும்பங்கள் பழைய மதத்துக்குத் திரும்பவும் செஞ்சாங்க. ஆனா தலைப்புச் செய்தியாப் பரவினது சீர்திருத்தம் இல்லை, சதிதான். காசு எங்கிருந்து வந்ததுன்னு தேடுறது சுலபம், தேடுறவனுக்கு எந்தச் செலவும் இல்லை. டம்ளரை மாத்துறதுன்னா சொந்தக்காரனோட சண்டை போடணும்.

*அந்தப் பக்கமும் சுத்தம் இல்லை*

மெயில் போட்ட தம்பி இதோட சந்தோஷப்பட்டுடக் கூடாது. மறுபக்கத்துக்கும் வரேன்.

தமிழ்நாட்டு முற்போக்கு மேடைகள்ல சாதின்னு வந்தா வேகமா எடுக்கிற பேர் மனு. நானும் மனு ஸ்மிருதிக்கு வக்காலத்து வாங்க வரலை. ஆனா மீனாட்சிபுரத்துல டம்ளரைத் தனியா வச்சவங்க யாரும் ஸ்மிருதி படிச்சவங்க இல்லை. நிலமும் ஓட்டும் ஆள்பலமும் இருந்த நடுத்தரச் சாதி அது. அந்த ஓட்டு எல்லாக் கட்சிக்கும் வேணும். அதனாலதான் நம்ம ஊர் செய்தியில "இரு தரப்பினரிடையே மோதல்"னு ஒரு வாக்கியம் இன்னைக்கு வரைக்கும் உயிரோட இருக்கு. எந்தத் தரப்பு, எதுக்காகங்கிறது மூணாவது பத்தியிலகூட வராது.

இன்னொண்ணு, தொடர்ச்சி. மாறினது விடுதலைன்னு கொண்டாடினவங்கள்ல எத்தனை பேர் அஞ்சு வருஷம் கழிச்சு அதே ஊருக்குப் போய், இப்போ வேலை கிடைக்குதா, கல்யாணச் சம்பந்தம் கிடைக்குதா, கூட இருந்த சொந்தபந்தம் என்னாச்சுன்னு கேட்டாங்க? ரெண்டு பக்கத்துக்கும் மீனாட்சிபுரம் ஒரு உதாரணமா மட்டும் தேவைப்பட்டது. அது ஒரு ஊர்ங்கிறதை மறந்துட்டாங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் சேர்த்துச் சொல்லிடறேன். மதத்தைப் பரப்புற உரிமைன்னா இன்னொருத்தரை மதம் மாத்துற உரிமை இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 1977-ல ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்குல தீர்ப்புச் சொல்லியிருக்கு. தமிழ்நாட்டுல 2002 அக்டோபர்ல ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2004-ல, மக்களவைத் தேர்தல்ல அ.தி.மு.க. தோத்த உடனே, அதே அரசே அதைத் திரும்ப வாங்கிச்சு. கட்டாயத்தைத் தடுக்கணும்கிறதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனா தனி டம்ளருக்கு அந்தச் சட்டத்துல எந்தப் பதிலும் இல்லை.

*நாற்பது வருஷம் கழிச்சு, ஒரு மிட்டாய்க் கடை*

இதெல்லாம் பழைய கதைன்னு தோணலாம். 2022 செப்டம்பர். சங்கரன்கோவில் பக்கத்துல பாஞ்சாகுளம். பள்ளிக்கூடப் பிள்ளைங்க மிட்டாய் வாங்கக் கடைக்குப் போறாங்க. ஊர்ல கட்டுப்பாடு போட்டிருக்கு, இனிமே உங்களுக்குத் தர மாட்டோம், வீட்டுல போய்ச் சொல்லுங்கன்னு கடைக்காரர் சொல்றார். அதை வீடியோவும் எடுத்தாங்க. அது வைரல் ஆனது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வச்சாங்க, ஊருக்குள்ள வரத் தடைங்கிற வரைக்கும் வழக்குப் போச்சு.

அந்த வாரம் என் ஃபோன்ல வந்ததை நினைச்சுப் பார்க்கிறேன். ஒரு குரூப்ல "திராவிட மாடல் லட்சணம்"னு ஷேர் பண்ணினாங்க. இன்னொரு குரூப்ல "சனாதனத்தோட லட்சணம்"னு அதே வீடியோ. ரெண்டு குரூப்லயும் அந்தப் பிள்ளைங்களோட முகத்தை மறைக்காமப் போட்டாங்க. மிட்டாய் கேட்டு நின்ன குழந்தைக்கு, நாளைக்குத் தன் முகத்தைத் தேடிப் பார்த்தா இந்த வீடியோதான் கிடைக்கும். கலாச்சார உணர்வு, புண்படுத்துறதுன்னு நாம நிறையப் பேசுறோமே, அந்தப் பேச்சு அந்தக் குழந்தை பக்கம் திரும்பவே இல்லை. நானும் அதை ஒரு குரூப்புக்கு ஃபார்வர்ட் பண்ணினேன்.

2023-ல நாங்குநேரியில ஒரு மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டின சம்பவத்துக்கு அப்புறம், நீதிபதி சந்துரு தலைமையில குழு போட்டாங்க. 2024 ஜூன்ல அறிக்கை வந்தது. பள்ளிகள்ல சாதியைக் காட்டுற கலர் கயிறு, மோதிரம், நெத்திக்குறி வேண்டாம்னு ஒரு பரிந்துரை. எங்க பக்கத்துல எல்லாரும் நெத்திக்குறியைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுல எனக்கும் ஆட்சேபம் உண்டு, திருநீறு சாதி அடையாளம் இல்லை. ஆனா விவாதம் முழுக்க அந்த ஒரு வரியிலயே முடிஞ்சு போச்சு. கயிறு எதுக்குக் கட்டுறாங்க, ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் அரிவாள் எடுக்கிற நிலைமை எப்படி வந்ததுங்கிற கேள்வி ரெண்டு நாள்கூடத் தாங்கலை.

*தாத்தா*

போன ஆடித் தபசுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சங்கரன்கோவில்ல சங்கரநாராயணர் காட்சி கொடுக்கிற நாள். பாதி சிவன், பாதி பெருமாள். ரெண்டு பக்கத்து பக்தர்களோட சண்டையைத் தீர்க்க ஒரே மேனியா வந்ததாகக் கதை. கூட்டத்துல நின்னுட்டு வீட்டுக்கு வந்ததும் தாத்தாகிட்ட கேட்டேன்.

"தாத்தா, மீனாட்சிபுரத்துக்கு நீங்க போயிருக்கீங்களா?"

"இல்லய்யா. எதுக்கு?"

"துட்டு வாங்கினாங்கன்னு சொல்லுவீங்களே, யார் சொன்னது?"

"பேப்பர்ல போட்டிருந்தான்லா."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அப்புறம் கேட்டேன், "நீங்க தினமும் பேப்பர் படிப்பீங்களே, அந்தக் கடையில அப்போ எல்லாருக்கும் ஒரே கிளாஸா?"

அவர் உடனே பதில் சொல்லலை. துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டார். "அப்பம்லாம் அப்படித்தான்யா. அவங்களுக்குச் சிரட்டை. நாங்க யாரும் அதைப் பெருசா நினைக்கல."

அவ்வளவுதான். அவர் கெட்டவர் இல்லை. என்னைத் தோள்ல தூக்கிட்டுத் தேர் காட்டின மனுஷன். 1981-ல அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சுல இருந்து ரெண்டடி தூரத்துல அந்தச் சிரட்டை தொங்கிட்டு இருந்திருக்கு. மீனாட்சிபுரம் ஏன் நடந்ததுன்னு கேட்டுக்கிட்டே, பதில் பேப்பர்ல இருக்குன்னு நினைச்சு அதைத் தூக்கி முகத்துக்கு முன்னாடி பிடிச்சிருக்காங்க எல்லாரும்.

மெயில் போட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். நான் இன்னும் கன்சர்வேட்டிவ்தான். கோயில், குடும்பம், ஊர் இதெல்லாம் நமக்கு அப்புறமும் இருக்கணும்னு நினைக்கிறேன். அதனாலேயே, யாராவது ஊரை விட்டு, பேரை விட்டு, சாமியை விட்டுப் போறாங்கன்னா, அவங்களைக் கூப்பிட்டது யார்னு கேட்கிறதுக்கு முன்னாடி, நம்ம வீட்டுல அவங்களை எங்க உட்கார வச்சோம்னு கேட்கப் பழகிக்கிறேன். அந்தப் பழைய ஃபேஸ்புக் போஸ்டை அழிக்கப் போறதில்லை. அதுக்குக் கீழே இந்த எபிசோடோட லிங்க்கைப் போடப் போறேன்.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்டயும் அந்த கிளாஸ் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க. பேரும் ஊரும் போடாம அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.